உள்ளது உள்ளபடி

திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் ஒரு பழைய வீடு ‘உள்ளது உள்ளபடி’ விலைக்கு வந்தது. உள்ளது என்னவென்றால்: முற்றம் வரை பழைய பேப்பர் கட்டு, மூடியில்லாத எவர்சில்வர் தூக்குகள், ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது; இந்தப் பெட்டிக்குச் சாவிதான் கிடைக்கவில்லை.

வாங்க வந்தவர் உள்ளே போகவில்லை. போக வழியில்லை. “மனைக்கு மட்டுந்தான் விலை ஐயா. மொத்தமும் ரொக்கம்.”

2015 ஜூனிலிருந்து, வீடு விற்று 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் விழலாம். விழுவது விற்றவர் தலையில். கொடுத்தவர் தலையில் அல்ல. புரோக்கரிடம் அதற்கும் வழி இருந்தது: வழிகாட்டி மதிப்புக்கு பேங்க், மிச்சத்துக்கு மஞ்சப்பை.

வீட்டை விற்கும் பெரியவருக்குக் கவலை வேறு. “கிணத்தடியில ரெண்டு சைக்கிள் கிடக்கு தம்பி. அதுக்குத் தனியா என்ன தருவீங்க?”