சக்கரம் வைத்த வீட்டை மும்பையில் எங்கே நிறுத்தலாம்?

வாழ்த்துகள்! காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் டிரெய்லர் வீடு ஒன்றை வாங்கிவிட்டீர்கள். எட்டடி அகலம், இருபதடி நீளம். உள்ளே மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு, முழங்கால் இடிக்கும் கழிப்பறை. ஊரில் சித்தப்பாவிடம் "கேரவன் வாங்கியிருக்கேன்" என்று சொன்னால், எந்த நடிகருக்கு வாடகைக்கு விடப்போகிறாய் என்று கேட்பார். பொருட்படுத்தாதீர்கள். உங்களுக்கு முன்னோடிகள் உண்டு. 1885-இல் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர், குதிரைகள் இழுக்கும் 'வாண்டரர்' என்ற வண்டிவீட்டில் உல்லாசமாக ஊர் சுற்றக் கிளம்பினார். அவருக்கு முன்னால் மூன்று சக்கர சைக்கிளில் ஒரு வேலையாள் போய் வழி பார்த்துக் கொடுத்தார். நீங்களும் ஒருவரை முன்னால் அனுப்பிவிடுங்கள். மும்பையில் அவர் வழி பார்க்க வேண்டாம். காலி இடத்தில் படுத்துக்கொண்டால் போதும். துண்டு போட்டு இடம் பிடிக்கும் ஊர் இதுவல்ல, ஆளையே போட வேண்டும்.

மகாராஷ்டிர அரசும் உங்கள் பக்கம்தான். 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. கேரவன்கள் தங்கும் பூங்காவில் தண்ணீர், மின்சாரம், கழிப்பறை எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது அது. வீட்டுக்குச் சக்கரம் இருந்தால் இந்த மூன்றும் அதற்குக் கிடைத்தாக வேண்டும் என்று ஓர் அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆகவே அந்த மூன்றையே அளவுகோலாகக் கொண்டு, மும்பைத் தமிழர்களுக்கு ஏற்ற ஐந்து முகாம்களைத் தேர்ந்தெடுத்துத் தந்திருக்கிறோம்.

கிளம்புமுன் செய்ய வேண்டியவை

டிரெய்லரின் உயரத்தை அளந்து, அந்த எண்ணைக் காரின் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். கிங்ஸ் சர்க்கிள் ரயில் பாலத்தில் லாரிகள் தலையை இடித்துக்கொண்டு நிற்பது மும்பைப் பத்திரிகைகளுக்குப் பழகிய படம். அந்தப் படத்தில் உங்கள் வீடு வர வேண்டாம்.

காரைக் கழற்றிவிட்டு டிரெய்லரை மட்டும் தெருவில் விட்டுப் போகாதீர்கள். போக்குவரத்துப் போலீசின் இழுவை வண்டி வந்து, இழுத்துப் போவதற்கென்றே செய்த ஒரு பொருளைக் கண்டால் எவ்வளவு சந்தோஷப்படும் என்று யோசியுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை முகாம் வேண்டாம். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. போகத்தான் வேண்டுமென்றால், இது மிதக்கும் என்று விற்றவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முகாம் 1: பவனா ஏரி

லோணாவ்ளா பக்கம். வழக்கமான வழிகாட்டிகளில் இதுதான் முதலில் வரும் என்பதால் நாமும் முதலில் வைத்து முடித்துவிடுகிறோம். ஏரி உண்டு, மலை உண்டு, கரை நெடுக வாடகைக் கூடாரங்கள் உண்டு. நகரத்தின் இரைச்சல் தாங்காமல் வந்தவர்கள் அதை ஸ்பீக்கரில் எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். சனிக்கிழமை இரவில் உங்கள் பக்கத்துக் கூடாரத்தில் அந்தேரியும் எதிர்க் கூடாரத்தில் தாணேயும் தங்கியிருக்கும்.

தண்ணீர்: கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. மின்சாரம்: ஸ்பீக்கருக்குப் போக மிச்சம். கழிப்பறை: இருட்டட்டும்.

முகாம் 2: மாட்டுங்கா

நிழல் வேண்டுவோருக்கு ஃபைவ் கார்டன்ஸ். பிளேக் நோய்க்குப் பிறகு வந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா வட்டாரத்தை அகலத் தெருக்களோடு திட்டமிட்டுப் போட்டது. அந்த அகலத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அதில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு ஹோண்டா சிட்டி சொந்தக்காரர் இருக்கிறார்.

மேம்பாலத்துக்கு அடியில் நுழைந்துவிடலாமே என்று தோன்றும். அது ஏற்கெனவே மற்றவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. வண்டிகள் நிற்பதும் ஆட்கள் அடைவதும் கூடாது என்று அக்கம்பக்கத்தார் காவல் போட்டுப் போராடி, அந்த இடத்தை நானாலால் மேத்தா பூங்காவாக மாற்றிவிட்டார்கள். நடைபாதை நர்மதை நதியின் போக்கில் வளைந்து போகிறது. நதியில் வண்டி நிறுத்த அனுமதி இல்லை.

எப்படியோ ஒரு சந்து கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் முதல் மாடி ஜன்னல் திறக்கும். "ஏன்னா, இங்க வந்து பாருங்கோ! யாரோ ஆத்தையே கொண்டுவந்து நம்ம வாசல்ல நிறுத்திருக்கா!" இதற்குப் பதில் சொல்லும் முறை: உடனே கீழே இறங்கி, இந்த வாரம் சண்முகானந்தா ஹாலில் யார் கச்சேரி என்று கேளுங்கள். 1990-இல் தீப்பிடித்த அந்த ஹால் 1998-இல் மறுபடி திறந்த கதை வரைக்கும் பேச்சு போகும். அதற்குள் இருட்டிவிடும், ஓர் இரவு உங்களுடையது.

சமையல் வேண்டாம். 1942-இலிருந்து ராமநாயக்கின் உடுப்பி கிருஷ்ணா போர்டிங்கில் வாழை இலை போடுகிறார்கள். 1940-இலிருந்து கஃபே மெட்ராஸ் இருக்கிறது; ஞாயிறு காலையில் பெயர் கொடுத்துவிட்டு நடைபாதையில் காத்திருக்க வேண்டும். உண்மையில் மாட்டுங்காவில் சட்டபூர்வமாக முகாம் போட்டு நிற்கக்கூடிய ஒரே இடம் அந்த நடைபாதைதான்.

தண்ணீர்: டம்ளரில். மின்சாரம்: ஜன்னல் மாமி மனது வைத்தால். கழிப்பறை: சாப்பிட்ட இடத்திலேயே முடித்துக்கொண்டு வரவும்.

முகாம் 3: செம்பூர்

முகாம் என்ற பெயரை முறைப்படி வைத்திருக்கும் இடம் இங்கேதான் இருக்கிறது. 'செம்பூர் கேம்ப்' என்றால் ரிக்‌ஷாக்காரர் கேள்வி கேட்காமல் கொண்டுவிடுவார். பிரிவினையில் வீடு வாசல் விட்டு சிந்துவிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த இடம். தற்காலிகம் என்று சொல்லித் தங்கவைத்தது முக்கால் நூற்றாண்டாக நிற்கிறது. ஆகவே வார இறுதிக்கு என்று சொல்லி வரும்போது கொஞ்சம் கூடுதலாகவே துணி எடுத்து வாருங்கள்.

பக்திமான்கள் சேடா நகர் முருகன் கோயில் அடிவாரத்தை விரும்புவார்கள். 108 படி ஏறி வந்து கும்பிட்டால், கீழே நிறுத்திய டிரெய்லர் அங்கேயே இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு வேண்டுதல் தோன்றாது. சினிமா ரசிகர்கள் கேரவனை ஆர்.கே. ஸ்டுடியோவில்தான் நிறுத்த வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். நியாயம்தான். ஆனால் ராஜ் கபூர் 1948-இல் தொடங்கிய அந்த ஸ்டுடியோ 2017-இல் எரிந்து, 2019-இல் கட்டுமான நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறி, அடுக்குமாடியாகிவிட்டது. அங்கே இப்போது நீங்கள் எதிர்கொள்ளப்போவது வில்லன் அல்ல, சொசைட்டி செக்ரட்டரி. "கெஸ்ட் பார்க்கிங்கா, ரெசிடென்டா? என்ஓசி இருக்கா? வீடா, வண்டியா? வீடுன்னா மெயின்டனன்ஸ் கட்டணும். வண்டின்னா ராத்திரி உள்ள ஆள் தூங்கக் கூடாது."

உயரமான இடம் தேடுவோருக்கு 2014-இல் ஓடத் தொடங்கிய மோனோரயில் இருந்தது. 2025 ஆகஸ்ட் மழையில் ஒரு வண்டி மைசூர் காலனிப் பக்கம் அந்தரத்தில் நின்றுவிட, தீயணைப்புப் படையினர் ஏணி வைத்து நூற்றுக்கணக்கானவர்களை இறக்கினார்கள். காட்சி பிரமாதம், காற்றுதான் இல்லை.

கடல் பக்கம் மாகுலுக்கு மட்டும் போகாதீர்கள். சுற்றிலும் சுத்திகரிப்பு ஆலைகள். நகரத் திட்டங்களுக்காக வீடு இழந்தவர்களை அங்கே அடுக்குமாடிகளில் குடிவைத்தார்கள். காற்று மூச்சுவிடும்படி இல்லை என்று வழக்காகி, 2019-இல் மும்பை உயர் நீதிமன்றம் தலையிட வேண்டிவந்தது. உல்லாசப் பயணிக்கு அது உகந்த இடமல்ல. நிரந்தரமாகக் குடியிருக்கத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

தண்ணீர்: என்ஓசி இருந்தால். மின்சாரம்: என்ஓசி இருந்தால். கழிப்பறை: அதே.

முகாம் 4: நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்

சொந்த எஞ்சின் இல்லாமல், இன்னொன்று இழுக்க, உள்ளே உண்டு உறங்கிக்கொண்டு போவதுதான் டிரெய்லர் வீடு என்றால், மும்பைத் தமிழர் ஒவ்வொரு மே மாதமும் அதில்தான் வாழ்கிறார். வாங்க வேண்டாம், நிறுத்த இடம் தேட வேண்டாம். பழுதுபார்க்கும் வேலை 1915-இலிருந்து மாட்டுங்கா ரயில்பெட்டிப் பட்டறையில் நடக்கிறது; நீங்கள் ஸ்பேனர் தூக்க வேண்டியதில்லை. பழைய ஸ்லீப்பர் பெட்டியில் படுக்கை 72. குடியிருப்போர் எத்தனை பேர் என்று எண்ணுவது நாகரிகமல்ல.

செய்முறை: அறுபது நாள் முன்னால், காலை எட்டு மணிக்கு விரலைத் திரையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு வெயிட்டிங் லிஸ்டில் சேருங்கள். புளியோதரை முதல் நாளைக்கு, தயிர்சாதம் அன்று இரவுக்கு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எப்போதைக்கும். ஜன்னலோரம் உங்களுடையது என்றாலும் பெர்த்தின் மறுமுனை சேலம் வரை இன்னொரு குடும்பத்துடையது. சண்டை போடாதீர்கள். குண்டக்கல் தாண்டுவதற்குள் அவர்கள் மகளுக்கு உங்கள் சொந்தத்தில் ஒரு பையனைப் பார்த்திருப்பீர்கள்.

தண்ணீர்: சோலாப்பூர் வரை நிச்சயம். மின்சாரம்: சார்ஜர் சொருகினால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கழிப்பறை: முதல் நாளே போய்விடுவது புத்திசாலித்தனம்.

முகாம் 5: தாராவி

அனுபவசாலிகளுக்கு மட்டும். டிரெய்லர் வாழ்க்கையின் மேல்படிப்பு இங்கேதான். நைன்டி ஃபீட் ரோடு என்ற பெயரை நம்பி நுழையுங்கள். கடை வாசல், கைவண்டி, லெதர் பை மூட்டை, பைக், பந்தல் எல்லாம் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் அடிகளில் உங்கள் எட்டடி அகலத்தைச் செருக வேண்டும். பின்னால் எடுக்கத் தெரியவில்லையா? கவலை வேண்டாம். "வா வா வா... அந்தாண்ட ஒடி... பஸ்!" என்று சொல்ல ஏழு பேர் வருவார்கள். ஏழு பேரும் ஏழு திசை சொல்வார்கள். வண்டி சரியாக நின்றுவிடும்.

நிறுத்தியதும் உங்கள் நூற்றறுபது சதுர அடியைப் பெருமையாகத் திறந்து காட்டுங்கள். பார்க்க வந்தவர்கள் மரியாதைக்குத்தான் தலையாட்டுவார்கள். பத்துக்குப் பத்து கோலி என்னும் ஒற்றை அறையில் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், தையல் மெஷின், ஊரிலிருந்து வேலை தேடி வந்திருக்கும் மைத்துனன் என்று வைத்திருப்பவர்கள் அவர்கள். மோரி என்னும் கழுவுமூலையில் குளியல், பாத்திரம், துணி மூன்றும் நேரம் பிரித்து நடக்கும். சுவரில் சாய்த்த ஏணி மாளா என்னும் பரணுக்குப் போகும். பாயைச் சுருட்டினால் படுக்கையறை முன்னறையாகும். உங்கள் ஜெர்மன் மடக்கு மேஜையைக் கண்டு ஒரு சிறுமி, "இதுல ஹோம்வொர்க் எழுதினா ஆடும்" என்று உள்ளதைச் சொல்வாள்.

எதிர்வீட்டுத் திருநெல்வேலிப் பாட்டி முழு வண்டியையும் சுற்றிவந்துவிட்டு ஆலோசனை சொல்வார்: "அண்ணாச்சி, சக்கரத்தக் கழட்டிப் போட்டுட்டு நாலு பக்கமும் செங்கலக் குடுங்க. மேல ஒரு தளத்தப் போட்டியன்னா வாடகைக்கு விட்டுரலாம். ஆமா, கரண்டு பில்லு யாரு பேருல வருது?"

கடைசிக் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதற்கெல்லாம் அப்புறம் வருவோம்.

காலையில் குழாயில் தண்ணீர் வரும் சில மணி நேரம்தான் முகாமின் முக்கிய நிகழ்ச்சி. உங்கள் டிரெய்லரின் உள்தொட்டி அழகானது. ஆனால் இங்கே நீல டிரம் இல்லாதவர் குடித்தனக்காரர் அல்ல. வரிசையில் பைப்பைப் போட்டுவிட்டு ஃபோன் பார்க்காதீர்கள். கழிப்பறைக்கும் வரிசை உண்டு. டிரெய்லரில் தனிக் கழிப்பறை வைத்திருப்பதை வெளியே சொல்லாதீர்கள், மறுநாள் வரிசை உங்கள் கதவில் தொடங்கும். விடியுமுன்னே பக்கத்துச் சந்தில் இட்லி வெந்து, அடுக்குகளில் ஏறி, நகரம் முழுக்க விற்கக் கிளம்பிவிடும். உங்கள் ஒற்றை அடுப்பில் அதற்குள் பால்கூடக் காய்ந்திருக்காது.

தண்ணீர்: எழுந்தவருக்கு. மின்சாரம்: யார் பெயரில் பில் என்பதைப் பொறுத்தது. கழிப்பறை: சில்லறை வைத்திருக்கவும்.

கடைசியாக, சில விதிகள்

தாராவி முகாமில் நீண்ட நாள் தங்க நினைப்போர் தேதிகளை மனப்பாடம் செய்ய வேண்டும். சீரமைப்புத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததற்கு ஆதாரம் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். அதற்குப் பிறகு, 2011-க்கு முன் வந்தவர் என்றால் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதற்கும் பிந்தியவர்களுக்கும் மேல்தளத்துக்காரர்களுக்கும் வெளியே வாடகைத் திட்டம். பாட்டி சொன்ன மேல்தளம் எந்தக் கணக்கில் வரும் என்று இப்போது புரிந்திருக்கும்.

2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கியது. வீட்டுக்கு வீடு எண் போட்டுக்கொண்டு வந்தார்கள். உங்கள் டிரெய்லர் கதவிலும் யாராவது எண் எழுதினால், பெயின்ட் போச்சே என்று துடைத்துவிடாதீர்கள். போட்டோ எடுத்து, லேமினேட் செய்து, ஊரில் அம்மாவிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். எண் எழுதாமல் போனால் வருந்த வேண்டாம். உங்கள் வீட்டுக்குச் சக்கரம் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், கழிப்பறைக்கு உங்களுக்கென்று தனிக் கொள்கை இருக்கிறது.

அது போதாது, இந்த ஊரிலேயே நிலையாக நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டால் ஒரே வழிதான். டிரெய்லரை, ஏசியோடும் மடக்குக் கட்டிலோடும் சேர்த்து, எதிர்வீட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு 1999-ஆம் வருஷத்துக் கரண்டு பில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பாட்டி சிரிப்பார், உட்காரவைத்து டீ கொடுப்பார். பில்லைக் கொடுக்கமாட்டார்.