இரும்பும் பரம்பரைச் சொத்தா?

கேள்வி: உடம்பில் இரும்புச்சத்து கூடுவதும் குறைவதும் சாப்பாட்டால்தானே? இதில் பரம்பரைக்கு என்ன வேலை?

பதில்: இரும்பைக் கொண்டுவருவது சாப்பாடு, எவ்வளவை உள்ளே விடுவது என்று பார்த்துக்கொள்ளும் வாட்ச்மேன், ஹெப்சிடின் என்ற ஹார்மோன். அயர்லாந்தில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவரிடம், இந்த வாட்ச்மேனை வேலை வாங்கும் எச்.எஃப்.இ. மரபணுவின் சி282ஒய் மாற்றம் உண்டு. அப்பா, அம்மா இருவரும் அதையே கொடுத்துவிட்டால் வாட்ச்மேன் தூங்கிவிடுவார். இரும்பு ஈரலில் குவியும். வைத்தியம், அவ்வப்போது ரத்தத்தை எடுத்துவிடுவதுதான்! அப்படியானால் மரபணுவே தலையெழுத்தா என்றால், இல்லை. இருவரிடமிருந்தும் வாங்கிக்கொண்ட பலருக்கு நோயே வருவதில்லை. 2005-இல் வெளியான, சுமார் 1,00,000 பேரை ஆராய்ந்த வட அமெரிக்க ஆய்வில், அந்த மாற்றம் மிக அரிதான ஆசிய, பசிபிக் தீவு வம்சாவளியினருக்கே உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் புரதத்தின் சராசரி அதிகம். ஆகவே, வம்சத்தைக் கேட்டுச் சம்பந்தம் பேசலாம். இரும்பை அறிய ரத்தப் பரிசோதனைதான் வழி.