45 எழுத்து வியாதி

எங்கள் சொந்தத்தில் வியாதிக்கு மரியாதை அதன் பேரை வைத்துத்தான். சுகர், பிரஷரையெல்லாம் யாரும் சட்டை செய்வதில்லை. "நெஞ்சு எரியுது" என்றால் "மோர் குடி" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதையே டாக்டர் 'கேஸ்ட்ரோ ஈசோஃபேஜியல் ரிஃப்ளக்ஸ்' என்று எழுதிக் கொடுத்தால் போதும், ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஆட்டோ பிடித்து வந்து இறங்குவார்கள்.

இப்படிப்பட்ட கூட்டம் கூடியிருந்த கல்யாணப் பந்தியில், ஒன்பதாவது படிக்கும் என் அக்கா மகள் எழுந்து நின்று ஒரே மூச்சில் சொன்னாள்: "நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோப்பிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ்."

பாயசம் பரிமாறியவர் அப்படியே நின்றுவிட்டார். பெரியப்பா பதறிப்போய், "யாருக்கும்மா? எந்த ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு?" என்றார்.

பெரிய ஆங்கில அகராதிகளில் இருப்பதிலேயே நீளமான சொல் இது. 45 எழுத்து, 19 அசை. பார்த்தால்தான் மிரட்டல்; உள்ளே போனால் கிரேக்கமும் லத்தீனும் சம்பந்தம் செய்துகொண்ட கூட்டுக் குடும்பம். 'நியூமோனோ' கிரேக்கத்து நுரையீரல். 'அல்ட்ரா' லத்தீன், அப்பாற்பட்டது. 'மைக்ரோஸ்கோப்பிக்' மறுபடி கிரேக்கம். இரண்டும் சேர்ந்தால் மைக்ராஸ்கோப்புக்கும் அகப்படாத பொடி. 'சிலிக்கோ' மணலில் இருக்கும் சிலிக்கா. 'வால்கேனோ' எரிமலை, ரோமானிய நெருப்புக் கடவுள் வல்கனின் பேர். 'கோனி' தூசு. 'ஓசிஸ்' நோய்நிலை. வாசல் திண்ணையில் 'பி' என்றொரு தாத்தா எழுத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். கிரேக்கத்தில் இருந்தவரை அவருக்குக் குரல் இருந்தது. ஆங்கிலத்துக்குக் குடிவந்ததும் வாயை மூடிவிட்டார்கள்.

சொல்லிப் பார்க்க ஆசையா? நாலு துண்டாக்குங்கள்: நியூமோனோ, அல்ட்ராமைக்ரோஸ்கோப்பிக், சிலிக்கோவால்கேனோ, கோனியோசிஸ். முக்கால்வாசிப் பேர் மூன்றாவது துண்டு முடிகிற இடத்தில்தான் கவிழ்கிறார்கள். 'நோ'வும் 'கோ'வும் அடுத்தடுத்து வருவதால் நாக்கு ஒன்றை விழுங்கிவிடும். அதைத் தாண்டிவிட்டால், கடைசி 'ஓ'வில் ஓர் அழுத்தம் கொடுத்து இறங்கிவிடலாம். நுரையீரல் வியாதிதான், ஆனால் நல்ல நுரையீரல் உள்ளவரால்தான் பேரைச் சொல்லி முடிக்க முடியும்.

பெரியப்பா பயந்திருக்க வேண்டியதே இல்லை. இது டாக்டர்கள் வைத்த பேரே அல்ல. அமெரிக்காவில் நேஷனல் பஸ்லர்ஸ் லீக் என்று புதிர்ப் பிரியர்களின் சங்கம் ஒன்று உண்டு. அதன் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் 1935-இல், நீளமான சொல் ஒன்று வேண்டும் என்பதற்காகவே இதைக் கட்டினார். நோயாளி இல்லை, பரிசோதனை இல்லை, முதலில் பேர் பிறந்துவிட்டது! ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் இதைச் சேர்த்துக்கொண்டு, செயற்கையாக உண்டாக்கிய நீளச் சொல் என்று கூடவே குறித்து வைத்திருக்கிறது. வம்பு எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

சிலிக்காத் தூசு நுரையீரலில் படிந்து வருகிற நோய் மட்டும் நிஜம். அதற்கு எரிமலைப் பக்கம் போக வேண்டாம். கல் உடைக்கிற இடம், பாறையில் துளை போடுகிற இடம், சுரங்கம் போதும். டாக்டர்கள் அதைச் சிலிக்கோசிஸ் என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒன்பதே எழுத்து. குணப்படுத்த மட்டும் இன்றுவரை மருந்து கிடையாது.