போடி தந்த மர்மக் கதை

சட்ட மர்மக் கதை எழுத முயல்வோர் ஏலக்காய்க்குப் பேர்போன போடிநாயக்கனூரைப் படிப்பது நலம். அத்தொகுதியின் உறுப்பினராயிருந்த ஓ.பன்னீர்செல்வம், 2017 பிப்ரவரி 7 இரவு, ஜெயலலிதா நினைவிடத்தில் ஏறத்தாழ 40 நிமிடம் கண்மூடி அமர்ந்து எழுந்து, முதல்வர் பதவியிலிருந்து விலகுமாறு தாம் கட்டாயப்படுத்தப்பட்டதாக அறிவித்தது முதல் அத்தியாயம். ஜெயலலிதா மரணத்தை விசாரிக்கவேண்டும் என்றது அடுத்தது. அவ்வாறே அமைந்த ஆறுமுகசாமி ஆணையம், அதாவது சாட்சிகளை அழைக்கலாம், எவரையும் தண்டிக்கவியலாது என்னும் சாதுவான அமைப்பு, பலமுறை ஆயுள் நீட்டிக்கப்பெற்று, மர்மக் கதைக்கு இன்றியமையாத தாமதத்தைக் குறைவின்றி வழங்கியது. எல்லா முடிச்சுகளும் அவிழவேண்டிய 2022 மார்ச்சில், மர்மத்தைக் கிளப்பியவரே சாட்சியாக அமர்ந்து, பல வினாக்களுக்குத் தெரியாது எனவும், தமக்குத் தனிப்பட்ட ஐயமேதும் இல்லை, ஐயம் மக்களுடையதே எனவும் விளக்கினார். குற்றவாளி வாசகர்தான்.