எல்லாம் நார்மல்தாம்மா

ஸ்கேன் சென்டரில் கவரை நீட்டும்போதே சொல்லிவிடுகிறார்கள்: "எல்லாம் நார்மல்தாம்மா."

கவரை வாங்குகிறவள் மாதாமாதம் மாதவிடாய் நாளில் குளியலறைத் தரையில் சுருண்டு கிடக்கிறாள். நார்மல். வாந்தி எடுக்கிறாள். நார்மல். மலம் போகும்போது கத்தியால் கீறுவதுபோல் வலிக்கிறது என்று கூசிக்கூசிச் சொன்னாள். "தண்ணி நிறையக் குடிங்க." ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவன் ஆளே இல்லை. ரிப்போர்ட்டில் ஏறாத வலியும் அப்படித்தான்.

நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்சுவரில் இருப்பதைப் போன்ற திசு, வெளியே போய்க் குடியேறுகிறது. சினைப்பையில், குடலில், சிறுநீர்ப்பையில். போன இடமெல்லாம் அழற்சி. போகப்போக உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நேற்று வந்த நோயும் இல்லை. 1920களிலேயே சாம்ப்ஸன் என்ற அமெரிக்க மருத்துவர் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார். உலக சுகாதார நிறுவனக் கணக்கில், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 10 பேருக்கு ஒருவர். சுமார் 19 கோடிப் பேர். சினைப்பையில் 'சாக்லேட் கட்டி' என்கிற ரத்தக் கட்டி இருந்தால் ஸ்கேனில் தெரியும். மெல்லிசாகப் படர்ந்த திட்டுகள் பெரும்பாலும் தெரியாது. இது ரிப்போர்ட் எழுதுகிறவருக்குத் தெரியும். கவரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவளுக்குத் தெரியாது.

வைத்தியத்துக்கு மட்டும் ஊரில் பஞ்சமில்லை. மோரில் வெந்தயம் போடச் சொல்கிறது பக்கத்து வீடு. "நாங்கல்லாம் பொறுத்துக்கலையா?" இது அத்தை. "கல்யாணம் ஆனா சரியாயிடும்." ஆனது. ஆகவில்லை. "ஒரு பிள்ளை பெத்தா சரியாயிடும்." இதை வெள்ளைக் கோட்டு போட்டவரும் சொல்கிறார். இந்த நோயைத் தீர்க்கவென்று பிள்ளை பெறச் சொல்லாதீர்கள் என்று ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி 2022-லேயே எழுதிவைத்திருக்கிறது. நம் ஊரில் வயிற்றுவலிக்கு இன்னும் ஓர் உயிரையே எழுதிக்கொடுக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்றுதான் சொல்வதில்லை.

அவள் யோசிக்க வேண்டிய வழிகள் வேறு. முதலில் மெஃப்டால் என்ற வலி மாத்திரை. மெடிக்கலில் சீட்டே கேட்க மாட்டார்கள். அதிலுள்ள மெஃபெனாமிக் அமிலம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவரலாம் என்று 2023 கடைசியில் மத்திய அரசு அமைப்பே எச்சரித்தது. ஒருநாள் டிவியில் ஓடியது. மறுநாள் பழையபடி அட்டை அட்டையாக வியாபாரம்.

அடுத்து ஹார்மோன் மாத்திரை. நோயை ஒழிக்காது, அடக்கிவைக்கும். பலருக்கு அதுவே பெரிய நிம்மதி. ஆனால் அது கருத்தடை மாத்திரை. கல்யாணம் ஆகாதவள் கைப்பையில் அது கிடைத்தால் அன்றைக்கே வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்காரும். பத்து வருஷ வலிக்கு உட்காராத கமிஷன். டயனோஜெஸ்ட் என்று இன்னொரு மாத்திரை இருக்கிறது. தினமும் ஒன்று, மாதக்கணக்கில். சிலருக்கு இடையிடையே ரத்தக்கசிவு, மனச்சோர்வு. மாதவிடாயையே நிறுத்தும் ஊசி இருக்கிறது. இருபத்தைந்து வயதில் ஐம்பது வயது உடம்புச்சூட்டையும் எலும்புத் தேய்மானத்தையும் கூட்டிவரும். லேப்ராஸ்கோப்பியில் திட்டுகளை வெட்டி எடுக்கலாம். தேர்ந்த கை செய்தால் நல்ல பலன். திரும்பி வரவும் கூடும். அந்தத் தேர்ந்த கை எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை லட்சம் கேட்கிறது என்பதை அவளே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாருக்கும் கைவந்த வைத்தியம் ஒன்றுதான்: "கர்ப்பப்பையை எடுத்துடுங்க." எடுத்தாலும் வெளியே படர்ந்தது தானாகப் போய்விடாது. யாருக்குக் கவலை? மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தது 2019-ல் கணக்கெடுத்தபோது தெரிந்தது. வேலைக்கு வராத நாளுக்கு அங்கே அபராதம். கர்ப்பப்பை போனால் அபராதம் மிச்சம்.

சிரிக்காதீர்கள், அதே ஆண்டு நம் வீட்டுக் கதையும் வந்தது. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில், வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர் ஒட்டாத மாத்திரை கொடுக்கப்படுவதைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை அம்பலப்படுத்தியது. சட்டையில் லேபிள் கோணினால் ஏற்றுமதி திரும்பி வரும். தைத்தவள் விழுங்கியதற்கு லேபிளே இல்லை.

மாதவிலக்கு என்று பெயர் வைத்திருக்கிறோம். எதிலிருந்து விலக்கு? பூஜை அறையிலிருந்து விலக்கு. கோயிலிலிருந்து விலக்கு. ஷிப்டிலிருந்து இல்லை, பரீட்சையிலிருந்து இல்லை, மாமனாரின் காபியிலிருந்தும் இப்போதெல்லாம் இல்லை. தீட்டுக்கு உண்டு, வலிக்குக் கிடையாது. பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பை 1992-லேயே கொடுத்துவிட்டது. 2023-ல் நாடாளுமன்றத்தில் அன்றைய மத்தியப் பெண்கள் நலத்துறை அமைச்சர், மாதவிடாய் ஓர் ஊனமல்ல, தனி விடுப்பு எதற்கு என்றார். சரி. காய்ச்சலும் ஊனமல்ல.

இனி வருவதுதான் வேடிக்கை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். "விசேஷம் ஒண்ணுமில்லையா?" இப்போது பாருங்கள் வேகத்தை. பேருந்து நிலையத்துக்கு எதிரிலேயே குண்டுக் குழந்தை சிரிக்கும் கருத்தரிப்பு மையப் பலகை. நகை அடகுக்குப் போகிறது. மாமியாரே கூட வருகிறார். நல்ல ஸ்கேன், நல்ல டாக்டர். ஒரே வாரத்தில் நோய்க்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

"எத்தனை வருஷமா வலிக்குது?"

"பதினாலு வயசிலேர்ந்து."

"ஏம்மா, இவ்வளவு நாள் டாக்டர்கிட்ட காட்டலியா?"

மடியில் பழைய கவர்கள். பதினொன்று. எல்லாம் நார்மல்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கு. புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். அடுத்த தேர்தலுக்கு உங்கள் வாசலில் கைகூப்பி நிற்பார் அல்லவா, அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். வெறும் வலியோடு வருகிறவளுக்கு எந்தக் கிழமை?