கழுதைப்புலிக் கூண்டுக்கு நூற்றுக்கு எத்தனை?

(ஓர் உயிரியல் பூங்கா. புதிதாகக் கட்டிய கழுதைப்புலி உறைவிடம். சிறந்த வடிவமைப்புக்கு மார்க் போட வந்த நடுவரும் அங்கே வேலை பார்க்கும் காப்பாளரும்.)

நடுவர்: அருவி, ஓலைக் குடிசை, சுவத்துல மசாய் ஈட்டி! ஆப்பிரிக்காவுக்கே போய் வந்த மாதிரி இருக்கய்யா.

காப்பாளர்: உள்ள இருக்கிறது வரிக் கழுதைப்புலி சார். நம்ம மசினகுடி, சீகூர்ப் பக்கம் திரியுற இனம். அதுக்கு ஈட்டியைக் கண்டா என்ன புரியும்?

நடுவர்: பட்டனை அமுக்கினா ஸ்பீக்கர்ல சிரிக்குதே!

காப்பாளர்: அது ஆப்பிரிக்காப் புள்ளிக் கழுதைப்புலி சிரிப்பு. இது அதிகம் சத்தமே போடாது. ஸ்பீக்கர் சிரிச்சா, எவளோ புதுசா வந்துட்டாளோன்னு மிரண்டு ஓடுது.

நடுவர்: எங்க ஓடுது? குகைக்குள்ள எல்.இ.டி. விளக்கு போட்டிருக்கு, அங்கயும் காணோமே.

காப்பாளர்: விளக்கு போட்டதாலதான் காணோம். ராத்திரி நடமாடுற ஜந்து சார், பகல்ல தூங்கும்.

நடுவர்: பார்வையாளர் கண்ணுக்குத் தெரியணும்னு 20 மார்க் இருக்கு. சைபர்தான் போடணும்.

காப்பாளர்: அதுகிட்டக் கேட்டா 20க்கு 20 போடும்.

நடுவர்: தரை நல்லாச் சமமா இருக்கு.

காப்பாளர்: மேல நாலு விரக்கடை செம்மண், கீழ கான்கிரீட். தோண்டித் தப்பிச்சிருமாம். வேலியோரம் கம்பி வலையை ஆழமாப் புதைச்சிருந்தாப் போதும். வந்த புதுசுல தோண்டிப் பார்த்துச்சு. நகம் காரையில கிறீச்சுன்னு இழுபடுற சத்தம் இங்க வரைக்கும் கேட்கும். இப்ப தோண்டறதையே விட்டுருச்சு.

நடுவர்: கழுதைப்புலின்னா நாறும்பாங்க. வாடையே இல்லையே!

காப்பாளர்: தினம் பினாயில் போட்டுக் கழுவணும்னு உத்தரவு. அதுக்கு வாலடியில ஒரு பை இருக்கு சார். அதுலேருந்து பசை மாதிரி ஒண்ணைப் புல்லுல, கல்லுல தடவி வைக்கும். பட்டா, சிட்டா எல்லாம் அதுக்கு அதுதான். காலைல நாங்க பட்டாவைக் கழுவி விடுவோம்; இருட்டினதும் அது மறுபடி எழுதும்.

நடுவர்: அங்க எலும்பு வேற கிடக்கு. ரெண்டு மார்க் போச்சு.

காப்பாளர்: இந்தக் கூண்டுல அதுக்குன்னு வச்சது அது ஒண்ணுதான் சார். மாட்டுத் தொடை எலும்பை முறுக்கு மாதிரி நொறுக்கும்.

நடுவர்: (எழுதியபடி) அருவி 20, குடிசை 20, செல்ஃபி மேடை 35... கடைசியா ‘விலங்கின் வசதி’ன்னு 5 மார்க். இதை யாருக்குய்யா போடுறது?

காப்பாளர்: அருவிக்குப் பின்னால குழாய் பதிக்கத் தோண்டின பள்ளம் ஒண்ணு இருக்கு. இருட்டு, நல்ல மண், எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. இப்பவும் அதுலதான் தூங்குது. பள்ளத்தை மூட மறந்த கொத்தனாருக்குப் போடுங்க.