செல்வி அக்காவின் தம்பி

ஜொஹானஸ்பர்க்,
ஏப்ரல் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் காதுதான் கவலையாக இருக்கிறது. போனில் “செரோவே போயிட்டு வந்தேம்மா” என்று நான் கத்தினால், “சோறு வேணுமா? இன்னுமா சாப்பிடல?” என்று பதறுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உரக்க வாசி. விட வேண்டிய இடங்களை விட்டுவிடு. என் மார்க் ஷீட்டை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது அதில் இல்லாத வரிகளையெல்லாம் சேர்த்து வாசித்தவள் நீ. இருக்கிற வரிகளை விடுவது உனக்குப் பெரிய காரியம் இல்லை.

ஈஸ்டர் விடுமுறைக்கு, நாம் வளர்ந்த செரோவேயைப் பார்க்க, நானும் என் வீட்டுக்காரியும் பையனும் காரில் கிளம்பினோம். வடக்கே மொகோபானே வரைக்கும் ராஜபாட்டை. அங்கிருந்து பிரிந்து போனால் லிம்போபோ ஆறு. ஆற்றுக்கு இக்கரை தென்னாப்பிரிக்கா, அக்கரை போட்ஸ்வானா. சாம்பியா, காங்கோ பக்கத்துச் சரக்கு லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்கின்றன. டிரைவர்கள் லாரி நிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்துக் கொண்டிருந்தார்கள். வரிசை நகர எவ்வளவு நேரமாகும் என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

எல்லை தாண்டியதும் கோமாரி நோய்ச் சோதனை. மருந்தில் ஊறிய சாக்கின் மேல் நாம் மிதித்து நடக்க வேண்டும், காரின் டயரும் நனைய வேண்டும். அது போதாதென்று, பெட்டிக்குள் இருக்கிற செருப்பையெல்லாம் வெளியே எடுக்கச் சொன்னார்கள். இவள் விசேஷத்துக்கென்று வாங்கி, பெட்டியைத் திறக்காமலே கொண்டுவந்த குதிகால் செருப்பும் அந்தச் சாக்கில் முங்கி எழுந்தது. “நான் என்ன மாட்டுக் கொட்டில்லயா இருந்து வாறேன்?” என்று என்னிடம் கேட்டாள். அந்த நாட்டு மாட்டிறைச்சி ஐரோப்பாவுக்குப் போகிறது, ஒரு மாட்டுக்குக் கோமாரி வந்தாலும் ஏற்றுமதி நின்றுவிடும், நாடு முழுக்க மாட்டு வேலி போட்டுப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருப்பதும் அதற்குத்தான் என்று விளக்கினேன். பாலாப்யே வரைக்கும் அவள் பேசவில்லை. உன் மருமகன் ஹெட்போனைக் கழற்றவில்லை. நான் மட்டும் ரோட்டில் நின்ற கழுதைகளோடு பேசிக்கொண்டு ஓட்டினேன். கழுதைகள் அப்படியே இருக்கின்றன அக்கா. நாம் பார்த்த அதே கழுதைகளோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு அப்படியே. ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்கும், நகராது.

பாலாப்யே வந்ததும் அப்பா நினைவு வந்தது. பங்வாட்டோ மக்களின் ராஜா மூன்றாம் காமா 1889ல் ஷோஷாங்கிலிருந்து தலைநகரத்தைப் பழைய பாலாப்யேக்குக் கொண்டு வந்தார். அங்கே தண்ணீர் போதவில்லை என்று 1902ல் அத்தனை குடும்பத்தையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு செரோவேக்குப் போய்விட்டார். பாளையங்கோட்டையை விட்டுக் கிளம்பிய அன்று அழுத அம்மாவிடம், “ஒரு டிரங்குப் பெட்டிக்கே இப்படியா? அங்க ராஜா ஊரையே தூக்கிட்டுப் போயிருக்கான்” என்று அப்பா சொன்னதாக நீதான் சொல்வாய். அப்படி நடக்கவே இல்லை என்று அம்மா இப்போது சொல்வாள். அதையும் கேட்டு வை.

செரோவேயில் இப்போது 50,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். இருந்தாலும் அது கிராமம்தான். சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது, வீட்டுக்கு வீடு தகரக் கூரை வந்துவிட்டது, புல் வேய்ந்த வட்ட வீடுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் காமா நாட்டில் சாராயமே கூடாது என்று தடை போட்டவர். அவர் ஊரில் இன்று அட்டைப் பெட்டியில் சிபுக்கு என்ற சோள பீர் விற்கிறது. குலுக்கிவிட்டுக் குடிக்க வேண்டும். நான் குடிக்கவில்லை. (இதை அம்மாவுக்கு இரண்டு முறை வாசி.)

பழைய குவார்ட்டர்ஸுக்கு வழி கேட்க ஒரு பெட்டிக்கடையில் நிறுத்தினோம். உன் மருமகன் முந்திரிக்கொட்டை மாதிரி இறங்கி, எடுத்த எடுப்பில் வழியைக் கேட்டான். கடைக்காரம்மா அவனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நிதானமாக, “டுமேலா, ர்ரா” என்று வணக்கம் சொன்னார். இவன் பதில் வணக்கம் சொல்லும் வரை காத்திருந்தார். எப்படி இருக்கிறாய், ராத்திரி நன்றாகத் தூங்கினாயா, வீட்டில் எல்லாரும் எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். வேர்த்து விறுவிறுத்து அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகுதான், “இனி கேள், மகனே” என்றார். ஜொஹானஸ்பர்க் பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்கில் பணம் கட்டியும் வராத மரியாதை பெட்டிக்கடையில் இலவசமாக வந்தது.

என் பங்குக்கு நான் இறங்கி, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டபடி கை கொடுத்து, “இந்தியாவிலிருந்து வந்த கணக்கு வாத்தியார் மகன்” என்றேன்.

“எந்த வாத்தியார்? ர்ராசெலெபியா?”

“ஆமாம்!”

“அப்படியென்றால் நீ செலெபியின் தம்பி!”

அங்கே ஆரம்பித்ததுதான் அக்கா. ஊரை விட்டுக் கிளம்பும் வரை எனக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை. அந்த ஊரில் பெற்றவர்களை மூத்த பிள்ளையின் பெயரால்தானே அழைப்பார்கள்? அம்மா ‘ம்மாசெலெபி’, அப்பா ‘ர்ராசெலெபி’. ‘வி’ அவர்கள் வாயில் வராது, செல்வி செலெபியாகிவிட்டாள். எம்.எஸ்சி. படித்து, கடல் கடந்து, ஒரு தலைமுறைக்கே அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்த மனுஷன், பாவாடை சட்டை போட்ட உன் அப்பாவாக மட்டும் அறியப்பட்டிருக்கிறார். இரண்டாவதாகப் பிறந்த எனக்கு யார் பெயரிலும் இடம் இல்லை. செலெபி-பிக்வே என்று ஓர் ஊரே இருக்கிறதே, அங்கே அரசாங்கம் உன் பெயரில் செம்புச் சுரங்கம் நடத்துகிறது என்று நீ சொன்னதை நம்பி, உனக்கு என் பங்கு முறுக்கையும் கொடுத்தவன் நான். அந்தச் சுரங்கத்தை 2016ல் மூடிவிட்டார்கள். துக்கம் விசாரித்ததாக எடுத்துக்கொள்.

நம் வீட்டில் இப்போது ஓர் இளம் டீச்சர் இருக்கிறார். பச்சைத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார். நாம் ஏறிய மொருலா மரம் நிற்கிறது. நான் விழுந்த கிளை இல்லை. நாம் இமயமலை என்று ஏறிய குன்றை, உன் மருமகன் போனைப் பார்த்துக்கொண்டே ஏறி இறங்கிவிட்டான். மணல் ஆற்றில் இப்போதும் தோண்டினால் தண்ணீர் வருகிறது. 1981க்குப் பிறகு வருஷா வருஷம் மழை பொய்த்ததே, அப்போது பெண்கள் அங்கே குழி தோண்டி, ஊறும் வரை காத்திருந்து, குவளையால் மொண்டதும், வழியெல்லாம் மாட்டெலும்பு வெளுத்துக் கிடந்ததும் நினைவிருக்கிறதா? அந்த வருஷங்களில்தான் அம்மா முருங்கைக்கீரைக்குப் பதிலாகத் தட்டாங்கீரையைத் துவட்டினாள், மடிலா என்ற புளித்த பாலில் மோர்க்குழம்பு வைத்தாள். கேட்டுப்பார், மணத்தைக்கூடச் சொல்வாள்.

க்கோட்லா என்ற ஊர்ச்சபைக்கும் போனேன். அரை வட்டமாக நட்ட கட்டைகளும் அந்த மரநிழலும் அப்படியே இருக்கின்றன. லண்டனில் 1948ல் ரூத் வில்லியம்ஸைக் கல்யாணம் செய்துகொண்ட செரெட்சே காமா, அடுத்த வருஷம் இந்தச் சபையில் நின்று ஊரின் சம்மதத்தைக் கேட்டார். அவருடைய சித்தப்பா எதிர்த்தார். சபையோ எழுந்து நின்று ஏற்றுக்கொண்டது. பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குத்தான் பொறுக்கவில்லை. 1950ல் அவரை நாடு கடத்தியது. 1956ல் அவர் திரும்பி வந்தார், 1966ல் நாட்டின் முதல் ஜனாதிபதி ஆனார். இந்தக் கதையை அப்பா நம் இருவரையும் அங்கேயே உட்காரவைத்துச் சொன்னார். பின்னாளில் அத்தான் விஷயம் வெடித்தபோது, “செரெட்சே லண்டன் பொண்ணைக் கட்டலாம், நான் தூத்துக்குடி மாப்பிள்ளையைக் கட்டக்கூடாதா?” என்று நீ கேட்டாயே, அப்பா வாயடைத்துப் போய்க் கொல்லைப்பக்கம் போனார். தானே வெட்டிய குழி. மரத்தடியில் நின்று அத்தானுக்காக ஒரு போட்டோ எடுத்திருக்கிறேன். அவர் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட இடம் அதுதான்.

பக்கத்து மியூசியத்தில் பெஸ்ஸி ஹெட்டின் கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் இருக்கின்றன. 1964ல் திரும்பிப் போக முடியாத பெர்மிட்டில் தென்னாப்பிரிக்காவை விட்டு வந்து, இந்த ஊரையே நாவலாகவும் வரலாறாகவும் எழுதி, 1986ல் இங்கேயே இறந்தவர். நாம் அதே புழுதியில் கோலி விளையாடிக் கொண்டிருந்தோம், அப்படி ஒருவர் இருப்பதே நமக்குத் தெரியாது. ஆப்பிரிக்காவில் எழுத்தாளர் இருப்பார் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. சிங்கம் இருக்கும் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

சிங்கத்தையும் நாம் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். லீவுக்கு ஊருக்குப் போனால் தெருப்பிள்ளைகள் கூடிவிடுவார்களே என்று நீ கதை கதையாக அளந்தாய், நான் தலையாட்டினேன். ஆட்டையும் கழுதையையும் தவிர நாம் எதைப் பார்த்தோம்? இப்போது போனால் செரோவேக்கு வடமேற்கே காண்டாமிருகங்கள்! கள்ள வேட்டையில் நாட்டிலேயே அருகிப்போன பிறகு, செரோவேயும் பக்கத்து ஊர்களும் சேர்ந்து 1992ல் சரணாலயம் அமைத்திருக்கிறார்கள். “இதுங்க கூடவா வளர்ந்தீங்கப்பா?” என்று உன் மருமகன் முதல் தடவையாக என்னை மதித்துக் கேட்டான். ஆமாம் என்றேன். உன் தம்பியாச்சே.

இனி பக்கத்து வீட்டுப் பாட்டி. எண்பது தாண்டியாயிற்று. கண் மங்கல், நாக்கு மங்கவில்லை. முற்றத்தை இன்னும் சாணமும் மண்ணும் குழைத்து விரலால் கோலம் கோலமாக இழுத்துத்தான் மெழுகியிருக்கிறார். உட்காரவைத்துச் சோளக்களி போட்டார். ‘பானே’ என்ற மொப்பானே மரத்துப் புழுவையும் வறுத்து வைத்தார். உன் மருமகன் கைநிறைய அள்ளித் தின்றான். இவள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். (இந்த வரி அம்மாவுக்கு வேண்டாம்.) அம்மாவும் பாட்டியும் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போட்டதை நடித்துக் காட்டினார். அம்மாவின் “ஹும்” சத்தம் அச்சு அசல்.

என்னைப் பார்த்து, “நீதான் எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும் பையன்” என்றார். இத்தனை வருஷம் கழித்து என்னைப்பற்றிக் கிடைத்த ஒரே நினைவு அதுதான். உன்னைப்பற்றியோ ஒரு புராணமே.

அம்மா கொடுத்தனுப்பிய மயில்கழுத்துப் பட்டுச் சேலையை விரித்தேன். பாட்டி அதை முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீட்டி, முழம் போட்டு அளந்து, “எனக்கு ஒன்று, பேத்திகள் மூன்று பேருக்கும் ஒவ்வொன்று” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தையல்காரர் வந்து எடுத்துக்கொண்டு போயாயிற்று. அடுத்த கல்யாணத்தில் நாலு பேரும் ஒரே மாதிரி கவுனில் ஆடப்போகிறார்கள். இதை வாசிக்கலாமா வேண்டாமா என்று நீயே முடிவு செய். சந்தோஷப்படுவாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக முக்கியமான விஷயம். அப்பாவிடம் ராத்திரி ராத்திரி கணக்குப் படித்தாரே பாட்டியின் மகன், அவர் சர்க்கார் வேலையில் ஓய்வு பெற்று, பாதி நாள் மாட்டுப்பட்டியில்தான் இருக்கிறார். அவர் சொல்லித்தான் தெரியும். 1987ல் நாம் ஊருக்குக் கிளம்பியபோது, பஞ்சத்தில் பாதி மாடு போன வீட்டிலிருந்து, படிப்புச் சொல்லித் தந்ததற்காக ஒரு கிடாரிக் கன்றை அப்பாவுக்குக் கொடுத்தார்களாம். விமானத்தில் ஏற்ற முடியாது என்று அப்பா சிரித்திருக்கிறார். அவர்களுக்கு அது சிரிப்பில்லை. உன் பெயரில் பட்டியில் விட்டுவிட்டார்கள். வளர்க்கிறவருக்குப் பால், பெருக்கம் உடைமைக்காரருக்கு என்பது அந்த ஊர் வழக்கம். அந்தக் கிடாரி போட்டது, அது போட்டது என்று இன்றைக்கும் செலெபியின் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கின்றன!

எத்தனை என்று கேட்டேன். “இருக்கின்றன” என்றார். மறுபடி கேட்டேன். வானத்தைப் பார்த்தார். பேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொன்றின் காதிலும் நம்பர் வில்லை. முந்தி வயிற்றுக்குள்ளேயே சிப் போட்டிருந்தார்களாம். மாட்டுக்கு ஆதார் அட்டை! விற்பதென்றால் உடைமைக்காரி நேரில் வந்து சொல்ல வேண்டும், அதுவரை ஒரு வாலைக்கூடத் தொடமாட்டேன் என்கிறார். இவள் என்னைப் பார்த்த பார்வையில், குடும்பச் சொத்தை நான் இத்தனை நாள் மறைத்துவிட்டதாக ஒரு குற்றச்சாட்டு இருந்தது.

ஆகவே மழைக்கு முன்னால் கிளம்பி வா. அம்மாவுக்கும் பாஸ்போர்ட் எடு. பாட்டி உரலைக் கழுவி வைத்திருக்கிறார். அத்தானிடம் மாட்டு விஷயத்தை மெதுவாகச் சொல். டிக்கெட் பணத்தைப் பால் கணக்கில் கழிக்க ஆரம்பித்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: என் பெயரில் ஓர் ஆடாவது உண்டா என்று பாட்டியிடம் கேட்டுப் பார்த்தேன். “உனக்கெதற்கு? செலெபியின் தம்பிதானே, அவள் மாட்டில் பால் குடித்துக்கொள்” என்றார். ஒரு செம்பு குடித்தேன். கணக்கில் எழுதிவிடாதே.